காரியின் அம்மா

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் தாண்டிக்குடி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் மரியாதையாக நிற்கத் தோன்றும். இந்தச் சின்ன ஊர் தமிழுக்கு மூன்று எழுத்தாளர்களைக் கொடுத்திருக்கிறது. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர். ராஜம் அய்யர், 'மணிக்கொடி' பி.எஸ். ராமையா, 'எழுத்து' பத்திரிகை நடத்திக் கைக்காசை இழந்த சி.சு. செல்லப்பா. மூவருக்கும் இதுதான் சொந்த ஊர். சென்னையில் பெரிய பெரிய பேட்டைகளுக்குக்கூட இந்தக் கணக்கு இல்லை.

இந்தத் தடவை பையில் செல்லப்பாவின் 'வாடிவாசல்' இருந்தது. 1959-ல் வந்த சின்னப் புத்தகம். மலை ஏறி முடிப்பதற்குள் இன்னொரு முறை படித்துவிடலாம் என்று திட்டம். நடக்கவில்லை. பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றுவிட்டது. நடுரோட்டில் ஒரு பசு படுத்திருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். பசு அவரைப் பார்த்தது. கண்டக்டர் இறங்கி அதன் முதுகில் தட்டி, "எந்திரிம்மா, நேரமாச்சு" என்றார். எழுந்தது. எழுந்த பிறகுதான் கவனித்தேன், ரொம்பச் சின்ன மாடு. என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும். கரும்பழுப்பு. குட்டைக் கொம்பு. சின்னத் திமில். காதில் மஞ்சள் பட்டை, அதில் பன்னிரண்டு இலக்க எண். ரோட்டை விட்டு இறங்கி, நான் கையூன்றிக்கூட ஏற முடியாத சரிவில் வீட்டு மாடிப்படி ஏறுவதுபோல ஏறிப் போய்விட்டது.

பக்கத்து சீட் பெரியவர் தாண்டிக்குடிக்காரர். கொஞ்சம் காபி, கொஞ்சம் வாழை, கொஞ்சம் மிளகு.

"இது என்ன ஜாதி மாடுங்க ஐயா?"

"என்னத்த ஜாதி சார், மலை மாடு."

"பால் எவ்வளவு கறக்கும்?"

என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "பாலுக்கா சார் இத வச்சிருக்கோம்? எருவுக்கு வச்சிருக்கோம். கன்னு குடிச்சது போக ஏதோ காபித் தண்ணிக்கு ஆகும். லிட்டர் கணக்குப் பாக்கணும்னா கீழ போயி சீமைப் பசு வாங்கணும். அது இந்தச் சரிவுல நாலு நாள் நிக்காது."

புத்தகத்தைத் திரும்பத் திறந்தபோது ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு முன் பல தடவை படித்தும் வராத கேள்வி. காரியின் அம்மா எங்கே?

'வாடிவாசல்' தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஜமீன்தாரின் காரிக்காளை, பிச்சியின் அப்பாவை ஜல்லிக்கட்டில் குத்திக் கொன்றிருக்கிறது. அந்தக் காளையை அடக்கப் பிச்சி வருகிறான். அடக்குகிறான். தோற்ற காளையை ஜமீன்தார் சுட்டுக் கொல்கிறார். ஒரே பகல், ஒரே களம். தமிழில் மிருகத்தை இவ்வளவு கிட்டப் போய்ப் பார்த்து எழுதிய கதைகள் குறைவு. காளையின் கண், மூச்சு, அது மண்ணைக் கிளறும் விதம், தயங்கும் விதம் எல்லாம் இருக்கிறது. செல்லப்பா வேடிக்கை பார்க்கப் போனவர் இல்லை, உற்றுப் பார்க்கப் போனவர் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

ஆனால் காரியைப் பெற்ற பசு கதையில் ஒரு பாத்திரம் இல்லை. அந்தக் களத்தில் அதற்கு வேலையும் இல்லை. இதைச் செல்லப்பாவின் குற்றம் என்று சொன்னால் அபத்தம். குத்துச்சண்டைக் கதையில் பாட்டி எங்கே என்று கேட்பது போல. என் வழக்கு அவரோடு இல்லை. அவருக்குப் பிறகு வந்த நாம் எல்லோரும் அந்த வாடிவாசலிலேயே நின்றுவிட்டோமே, அதோடுதான்.

சினிமாவைப் பாருங்கள். 'முரட்டுக்காளை' 1980, 'விருமாண்டி' 2004. வில்லனைப் பந்தாடும் முன் ஹீரோ காளையை அடக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். பசுவுக்கு ஞாபகமாக ஒரே ஒரு பாட்டுதான் எனக்குத் தெரிகிறது. 1987-ல் 'எங்க ஊரு பாட்டுக்கார'னில் ராமராஜன் பால் கறந்துகொண்டே பாடியது. அதற்காக அவரை இன்றுவரை கிண்டல் செய்கிறோம். காளையைக் கட்டிப்பிடித்தால் வீரம், பசுவிடம் உட்கார்ந்தால் காமெடி.

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் லட்சக்கணக்கில் பிள்ளைகள் கூடினார்கள். சட்டம் திருத்தப்பட்டது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமே அதை ஏற்றுக்கொண்டது. அந்தப் போராட்டத்தின் முக்கிய வாதம், 'ஜல்லிக்கட்டு போனால் நாட்டு மாட்டு இனமே போய்விடும்' என்பது. அதில் உண்மை உண்டு. புலிக்குளம் மாடுகளைக் கிடை கிடையாக ஓட்டித் திரியும் மதுரை, சிவகங்கைப் பக்கத்து மேய்ப்பர்களுக்குக் காளைக் கன்றுதான் பணம். அதை வாங்க ஆள் இல்லையென்றால் கிடை கலையும். ஆனால் மெரினாவின் பேனர்களிலும் டி-ஷர்ட்டுகளிலும் இருந்தது காளையின் திமிலும் கொம்பும்தான். கிடையில் கன்று போடும் பசுவை நான் எங்கும் பார்க்கவில்லை.

இதில் என்ன தப்பு, படம்தானே என்பீர்கள். தப்பு கணக்கில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், நாலாம் வகுப்புக் கணக்குதான்.

ஸீவல் ரைட் என்று ஒரு அமெரிக்க மரபியலாளர். 1931-ல் ஒரு சூத்திரம் சொன்னார். ஒரு மந்தையில் தலைகளை எண்ணினால் போதாது. மரபணுக் கணக்கில் அது எத்தனை தலைக்குச் சமம் என்று பார்க்க வேண்டும். ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கு, அதை நாலால் பெருக்கு, மொத்தத் தலைகளால் வகு. நூறு பசு, ஒரு பொலிகாளை என்று வைத்துக்கொள்வோம். நாலு பெருக்கல் ஒன்று பெருக்கல் நூறு, வகுத்தல் நூற்றியொன்று. விடை ஏறக்குறைய நாலு. கண்ணுக்கு 101 மாடு, மரபணுவுக்கு நாலு மாடு. எல்லாக் கன்றும் ஒரே அப்பனுக்குப் பிறந்தவை, அடுத்த தலைமுறையில் அண்ணன் தங்கையைத்தான் சேர்க்க வேண்டும். காளையை ஐந்தாக்கினால் விடை 19. மந்தைக்குள் ரத்தம் நெருங்கும் வேகத்தைத் தலைமுறைக்கு ஒரு சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ள, இந்த எண் 50-க்குக் குறையக் கூடாது என்பது பொதுவான விதி. நூறு பசுவுக்கு அதை எட்டப் பதினைந்து காளை வேண்டும்.

ஆக, ஒரு இனத்தைக் காப்பாற்ற ஒரு சூப்பர் ஸ்டார் காளை உதவாது. நிறைய சாதாரணக் காளைகள், நிறைய சாதாரணப் பசுக்கள் வேண்டும். வாடிவாசலில் ஜெயித்து பைக் வாங்கித் தரும் காளைகளில், 'பசுவிடம் விட்டால் வீரியம் குறைந்துவிடும்' என்று கடைசிவரை பிரம்மச்சாரியாக வைக்கப்படுபவையும் உண்டு. மரபியல் கணக்கில் அந்த வீரனுக்கு மார்க் பூஜ்யம். கோயில் காளை பரவாயில்லை, ஊரெல்லாம் சுற்றி வந்தது.

இன்னொரு விஷயம். மைட்டோகாண்ட்ரியா என்ற சமாச்சாரம் தாயிடமிருந்து மட்டுமே வரும். அப்பனுக்கு அதில் பங்கே இல்லை. திமிலுள்ள மாடுகளை மனிதன் முதலில் பழக்கியது சிந்து சமவெளிப் பக்கம், சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வதற்கு முக்கியமான ஒரு ஆதாரம் இந்தத் தாய்வழி மரபணு. மாட்டின் பழங்கதையில் பெரும் பகுதியைப் பசுதான் சுமந்து வந்திருக்கிறது.

இனி அந்தக் கொண்டை ஊசி வளைவுப் பசுவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் பெயரும் பதிவும் உள்ள மாடுகள் காங்கயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம் முதலியவை. ஹரியானாவில் கர்னாலில் இருக்கும் தேசியக் கால்நடை மரபு வளப் பணியகம் பதிவு செய்து எண் கொடுத்தால்தான் ஒரு இனம் இனம். அந்தப் பட்டியலில் இல்லாத மாடுகளுக்கு அரசாங்கக் கணக்கில் ஒரே பெயர், 'நான்-டிஸ்கிரிப்ட்'. வர்ணிக்க ஒன்றும் இல்லாதது என்று அர்த்தம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் நாட்டு மாடுகள் 14 கோடியே 21 லட்சம். முந்தைய கணக்கெடுப்பைவிட 6 சதவீதம் குறைவு. அதே காலத்தில் அயல் இன, கலப்பின மாடுகள் ஏறக்குறைய 27 சதவீதம் அதிகமாகி 5 கோடியைத் தாண்டின. மிச்சமிருக்கும் நாட்டு மாடுகளில் பெரும்பகுதி இந்த வர்ணிக்க முடியாத கோஷ்டிதான்.

எனக்கு இந்த வார்த்தை மேல் கடுமையான ஆட்சேபணை உண்டு. மாட்டை விவரிக்க முடியவில்லை என்பதற்கும், நாம் விவரிக்கவில்லை என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பரீட்சையே எழுதாதவனை ஃபெயில் என்று போடுவது மாதிரி. தாண்டிக்குடி மலை மாடு தனி இனமா, அல்லது சமவெளியிலிருந்து வந்து கலந்து குறுகிப் போன மாடா என்று எனக்குத் தெரியாது. பெரியவருக்கும் தெரியாது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 2021-ல் ஹைதராபாதில் நம்முடைய விஞ்ஞானிகள் இந்திய மாட்டினங்களுக்கென்றே 'இண்டிகௌ' என்று ஒரு மரபணு சிப் செய்து காட்டியிருக்கிறார்கள். கருவி கையில் இருக்கிறது. மலை ஏற வேண்டியதுதான் பாக்கி.

விவரிக்காத மாட்டுக்கு நம் சட்டம் என்ன செய்தது என்பதும் பழைய கதை. 1940-ல் சென்னை மாகாணத்தில் ஒரு கால்நடை அபிவிருத்திச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாத காளைக்குக் காயடிக்கலாம். கேரளத்திலும் பிறகு இதே மாதிரி ஒரு சட்டம் வந்து, நாட்டுக் காளைகள் ஏறக்குறைய இல்லாமலே போயின. அங்கே வெச்சூர் என்று மூன்றடிக்குள் ஒரு குட்டிப் பசு. 1980-களில் அது அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 1989-ல் கேரள வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியை சோசம்மா ஐப் தன் மாணவர்களோடு வீடு வீடாகத் தேடி, மிச்சமிருந்த சிலவற்றைக் கண்டுபிடித்து, அதிலிருந்து இனத்தை மீட்டார். 2022-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவருக்கு ஒரு சௌகரியம் இருந்தது. தேடிய மாட்டுக்கு ஒரு பெயர் இருந்தது. பெயரில்லாத மாடு தொலைந்தால் எதைச் சொல்லித் தேடுவது?

பெயரின் மகிமை தெரிய தாண்டிக்குடியை விட்டுப் போகவே வேண்டாம். இந்த மலைகளின் விருப்பாட்சி வாழைப்பழம், பழனி பஞ்சாமிர்தத்தில் சேர்வது. முடிக்கொத்து நோய் என்ற வைரஸ் வந்து மலை வாழைத் தோட்டங்களைத் துடைத்துப் போட்டது. அப்போது திசு வளர்ப்புக் கன்று கொண்டுவந்து மறுபடி நட்டார்கள். விருப்பாட்சிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது, கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் கிடைத்தது. தாண்டிக்குடியில் காபிக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதே மலைத்தொடரில் மன்னவனூரில் 1965 முதல் மத்திய அரசின் செம்மறி ஆட்டுப் பண்ணை இருக்கிறது. அங்கே வளரும் பாரத் மெரினோவில் முக்கால் பங்கு வெளிநாட்டு ரத்தம். நல்ல ஆடு, நல்ல கம்பளி, எனக்குப் புகார் இல்லை. வாழைக்கும் பூண்டுக்கும் காபிக்கும் ஆட்டுக்கும் ஆள் இருக்கும் மலையில், அத்தனைக்கும் எரு போடும் மாட்டைப் பற்றி ஒரு வரி எழுத ஆள் இல்லையே என்பதுதான் வருத்தம்.

கலப்பின மாட்டை நான் திட்டப் போவதில்லை. அதைத் திட்டுவது நகரத்தில் இப்போது ஃபேஷன். சினை ஊசியும் ஜெர்ஸியும் வந்துதான் நிலமில்லாத ஆயிரக்கணக்கான பெண்கள் கூட்டுறவு சங்கத்துக்குப் பால் ஊற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அவர்களிடம் போய் 'நாட்டு மாடு வளருங்கள்' என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் தீவனமும் தண்ணீரும் டாக்டரும் உள்ள இடத்துக்கு உண்டான மாட்டை, இது எதுவுமே இல்லாத சரிவுக்கும் நியாயம் என்று சொல்லக் கூடாது. மாடு என்பது லிட்டர் மட்டும் இல்லை.

இந்த லிட்டர் மோகத்தின் இன்னொரு முகம்தான் ஏ-2 பால். பீட்டா கேஸீன் என்ற புரதத்தில் 67-வது இடத்தில் ஹிஸ்டிடின் இருந்தால் ஏ-1, புரோலின் இருந்தால் ஏ-2. அவ்வளவுதான் வித்தியாசம். நம் நாட்டு மாடுகளில் பெரும்பாலும் ஏ-2. ஏ-1 பால் வியாதி தரும் என்பதற்குக் காரண காரியத் தொடர்பு நிரூபணமாகவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2009-லேயே சொல்லிவிட்டது. 2024 ஆகஸ்டில் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம், பாக்கெட்டில் ஏ-2 என்று போடாதே என்றது. சில நாளிலேயே அந்த உத்தரவை வாபஸ் வாங்கிக்கொண்டது. கண்ணாடி பாட்டிலில் இரண்டு மடங்கு விலைக்கு வாங்கிக் குடிப்பது நாட்டு மாட்டைக் காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் தாராளமாகக் குடிக்கட்டும். பெரியவரின் மாடு அந்தப் பாட்டிலுக்குள் வராது. அதற்குக் கன்றுக்குப் போக மிச்சமே ஒரு டம்ளர்தான். களத்தில் பாய்கிற காளையும் இல்லை, பாட்டில் நிரப்புகிற பசுவும் இல்லை. நம் இரண்டு பிரியத்திலும் அதற்கு இடமில்லை.

இருக்கிற இடமும் சுருங்குகிறது. 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளில் மாடு மேய்க்கத் தடை விதித்தது. அதே மாதம் அதைத் திருத்தி, சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. தடைக்கும் நியாயம் இருக்கிறது. கோமாரி மாதிரி வியாதிகள் நம் மாட்டிலிருந்து காட்டுமாட்டுக்குத் தாவும். புல்லுக்குப் போட்டி வரும். சோலைக் காட்டில் முளைக்கும் கன்றுகள் மிதிபடும். இதையெல்லாம் மறுக்க முடியாது. அதே சமயம் 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமையில் ஒன்றாகச் சொல்கிறது. எந்தச் சரிவில், எத்தனை மாடு, எந்த மாதத்தில் என்று உட்கார்ந்து பேசலாம். பேசுவதற்கு முதலில் எத்தனை மலை மாடு இருக்கிறது என்று தெரிய வேண்டும். மறுபடியும் அதே வார்த்தையில் வந்து முட்டிக்கொள்கிறோம்.

இலக்கியத்தில் ஒரே ஒரு ஆறுதல். 2016-ல் பெருமாள்முருகன் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' எழுதினார். கதாநாயகி ஒரு கறுப்பு வெள்ளாடு. அவள் பிறப்பு, பசி, சினை, ஈத்து, குட்டிகளைப் பிரிவது, இவைதான் கதை. காதில் அடையாளம் குத்திக்கொள்ள அரசாங்க வரிசையில் நிற்கும் காட்சியும் உண்டு. வாடிவாசல் கதையில் விட்டுப்போன பாதியை இந்த நாவல் எழுதியிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதில் குறை என்று சொன்னால், ஆட்டின் வாயில் சில இடங்களில் ஆசிரியர் பேசிவிடுகிறார். காரி ஒரு இடத்திலும் செல்லப்பாவாக மாறுவதில்லை. ஆனாலும் சினை பிடிப்பதும் ஈனுவதும் கதைக்கு லாயக்கான விஷயம் என்று காட்டியதற்காகப் பூனாச்சியைப் பாராட்ட வேண்டும். மாட்டைப் பற்றி ஏன் எழுதவில்லை? இந்தக் காலத்தில் அதெல்லாம் எழுதக் கூடாத பிராணி என்று முன்னுரையில் அவரே சொல்லிவிட்டார்.

தாண்டிக்குடியில் இறங்கும்போது பெரியவரிடம் கேட்டேன். "உங்க மாட்டுக்குப் பேரு வச்சிருக்கீங்களா?"

"வைக்காம? மூணு இருக்கு. செவலை, குட்டச்சி, மூத்தவ. மூத்தவ பத்து ஈத்து ஈனிட்டா. அவளோட அம்மாவ எங்கப்பா கூப்பிட்டது கரியம்மா."

நாலு தலைமுறைத் தாய்வழியை ஒரு நிமிஷத்தில் சொல்லி முடித்தார். எது எந்தச் சரிவில் மேயும், எது மழைக்கு முன்னாலேயே தொழுவத்துக்குத் திரும்பும், எது வருஷம் தவறாமல் ஈனும் என்று எல்லாம் வாயில் இருக்கிறது. வர்ணிக்க முடியாத மாடு என்று எவன் சொன்னான்? ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஒரு கால்நடை மருத்துவ மாணவர் பண்ணைக்காட்டிலிருந்து தாண்டிக்குடிவரை ஒரு மாதம் நடந்தால் பாதி வேலை முடிந்துவிடும். கொஞ்சம் சீக்கிரம் நடக்க வேண்டும். பெரியவருக்கு எழுபதுக்கு மேல். பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மாடு வேண்டாம் என்று போன் பண்ணும்போதெல்லாம் சொல்கிறானாம்.